கிளிட்டர் போட அரை மணி நேரம், எடுக்க ஒரு சாயங்காலம்

கேள்வி இதுதான்: "வீட்டிலேயே விதவிதமாக நெயில் பாலிஷ், கிளிட்டர் எல்லாம் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? பார்லரில் போட்ட மாதிரி வருமா?"

வரும், இடது கையில். வலது கையிலும் அதே மாதிரி வர எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

திருச்சியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். என்.எஸ்.பி. ரோடு பக்கம் போனால் துணி எடுத்தேனோ இல்லையோ, ஃபேன்ஸி ஸ்டோரில் ஒரு நெயில் பாலிஷ் வாங்காமல் திரும்பியதில்லை. இப்போது ஒரு ஷூ டப்பாவில் நாற்பதுக்கு மேல் பாட்டில்கள். அதில் பாதி மெரூன். கடை வெளிச்சத்தில் வேறு வேறாகத் தெரிந்தவை வீட்டுக்கு வந்ததும் ஒரே மெரூனாகிவிடும். அம்மாவுக்கு எந்த கம்பெனி பாட்டிலானாலும் அது க்யூடெக்ஸ்தான். அந்தப் பெயர் 1911இல் அமெரிக்காவில் நகத்தோரத் தோலை எடுக்கும் திரவமாகத்தான் கடைக்கு வந்தது, கலர் எல்லாம் பிற்பாடுதான் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "ஏன்டி, சோறு பிசையிற கையில அது எதுக்குன்னுதான் கேக்குறேன்" என்றார்.

முதல் கிளிட்டர் அனுபவம் அத்தை மகன் கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி. தங்க நிறக் கிளிட்டர். ஒரு கோட் போட்டால் நகத்துக்கு நாலு பொட்டுதான் ஒட்டியது. பாட்டிலில் அவ்வளவு ஜொலித்தது நகத்தில் ஏன் இப்படி என்று கோபம் வந்து, மூன்று கோட் தடிமனாக அப்பினேன். தொட்டுப் பார்த்தேன், காய்ந்த மாதிரி இருந்தது. படுத்துவிட்டேன். காலையில் பத்து நகத்திலும் போர்வையின் நெசவு அச்சாகப் பதிந்திருந்தது.

நெயில் பாலிஷ் காய்வது என்றால் அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் போவதுதான். மேல்பக்கம் முதலில் காய்ந்து தோல் கட்டிவிடும்; அடியில் உள்ளது வெளியே வர வழியில்லாமல் களியாகவே கிடக்கும். தடிமனான ஒரு கோட்டை விட மெல்லிய மூன்று கோட் சீக்கிரம் காய்வதற்குக் காரணம் இதுதான். ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு மூன்று நிமிடமாவது விட வேண்டும். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக முழுசாக இறுகிவிட்டது என்று அர்த்தமில்லை, அதற்குப் பல மணி நேரம் ஆகும். ராத்திரி பத்து மணிக்கு மேல் பாட்டிலைத் திறப்பதை அன்றோடு விட்டேன்.

போர்வை அச்சோடு கல்யாணத்தைக் கூட ஒப்பேற்றிவிட்டேன். கூத்து நாலாம் நாள்தான். ஆபீஸில் போனில் பேசிக்கொண்டே கட்டை விரல் நகத்தால் மற்ற நகங்களைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். ஒரு ஓரம் தூக்கியது. இழுத்தேன். சுகமாகத்தான் இருந்தது, முழுசாகக் கழன்று வந்தது. திருப்பிப் பார்த்தால் கிளிட்டரின் அடியில் வெள்ளையாக ஒரு படலம். அது என் நகம். நகம் என்பது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய மெல்லிய தகடுகள்; மேல் தகடு பாலிஷோடு சேர்ந்து வந்துவிட்டது. ஒரு மாதம் வெந்நீர் பட்டாலே அந்த விரல்கள் கூசின. கைநகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் வளரும். அடியிலிருந்து நுனி வரை புது நகம் வர அரை வருடம் காத்திருந்தேன்.

அதிலிருந்து எனக்கு ஒரே விதி. எடுப்பதற்கு வழி வைத்துக்கொண்டுதான் கிளிட்டர் பாட்டிலைத் திறப்பேன்.

கிளிட்டர் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், சாதாரண பாலிஷின் உடம்பு நைட்ரோசெல்லுலோஸ். அந்தக் காலத்து சினிமா ஃபிலிம் செய்ததும் இதே பொருளில்தான். ரிமூவரில் இருக்கும் அசிட்டோன் பட்டால் கரைந்துவிடும், பஞ்சால் துடைத்தால் போயிற்று. கிளிட்டர் துணுக்குகள் பெரும்பாலும் பாலியெஸ்டர் ஃபிலிமில் அலுமினியப் பூச்சு கொடுத்து வெட்டியவை. அசிட்டோன் அவற்றை ஒன்றும் செய்யாது. சுற்றியுள்ள பாலிஷ் கரைந்தால்தான் துணுக்கு நகரும். ஆனால் பஞ்சால் தேய்க்கத் தேய்க்க அது பஞ்சைப் பிய்த்து வைத்துக்கொண்டு நகத்திலேயே உட்காரும். தேய்த்துப் பயனில்லை, ஊற வைக்க வேண்டும்.

நான் செய்வது: பஞ்சை நகம் அளவுக்குக் கிள்ளி, ரிமூவரில் நனைத்து நகத்தின்மேல் வைத்து, சப்பாத்தி சுற்றும் ஃபாயிலில் விரல் நுனியை இறுக்கிச் சுற்றிவிடுவேன். பத்து நிமிடம். பிறகு லேசாக அழுத்தித் திருகிக்கொண்டே உருவினால் கிளிட்டர் மொத்தமும் பஞ்சோடு வந்துவிடும். ஒவ்வொரு கையாகத்தான் செய்ய வேண்டும். ஒருமுறை பத்து விரலையும் ஒன்றாகச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கூரியர்காரர் வந்து கையெழுத்துக் கேட்டார். இன்னொரு முறை ரிமூவர் டிவி ரிமோட்டில் சொட்டியது. வால்யூம் பட்டன் பக்கத்தில் அந்தப் பிளாஸ்டிக் உருகிய தழும்பு இன்றும் இருக்கிறது. அசிட்டோன் விரலையும் வறட்டிவிடும், கடைசியில் தேங்காய் எண்ணெய் கட்டாயம்.

இதற்கும் சோம்பல்படுபவர்களுக்கு இன்னொரு வழி, பசை. அக்கா மகள் ஆறாம் வகுப்பு. பள்ளியில் நெயில் பாலிஷ் கூடாது, திங்கட்கிழமை பிரேயரில் பி.டி. மிஸ் விரலை நீட்டச் சொல்வாராம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் "சித்தி!" என்று வந்து நிற்பாள், ஞாயிறு ராத்திரிக்குள் எடுத்தாக வேண்டும். அவளுக்காகப் பழகியதுதான் இது. பிள்ளைகள் கிராஃப்ட்டுக்கு வைத்திருக்கும் வெள்ளைப் பசையில் ஓரிரு சொட்டுத் தண்ணீர் கலந்து, கழுவிக் காயவைத்த பழைய பாலிஷ் பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கிறேன். முதல் கோட் இது. வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி ஆகும் வரை பொறுத்து, அதன்மேல் கலர், அதன்மேல் கிளிட்டர். எடுக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் கையை வைத்து, ஓரத்தைக் குச்சியால் நெம்பினால் ஓடு மாதிரி கழன்றுவிடும். நகத்துக்குச் சேதமில்லை.

ஆனால் எப்போது கழலும் என்பது உங்கள் கையில் இல்லை. ஒரு சனிக்கிழமை அரிசி களைந்து குக்கரில் வைத்த பிறகு பார்த்தால் என் மோதிர விரல் மொட்டை. வெள்ளிக் கிளிட்டர் நகம் ஒன்றைக் காணோம். அன்று வீட்டில் ஐந்து பேரும் ஒவ்வொரு பிடியையும் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டோம். கடைசியில் அது சிங்க் சல்லடையில் கிடந்தது. சமைப்பவர்கள் பசையைக் கால் நகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, போடுவதற்கு வருகிறேன். நகத்தில் நாலே பொட்டு விழுவது பிரஷின் குற்றம். பிரஷ் திரவத்தைத்தான் இழுக்கும், துணுக்குகள் பின்தங்கிவிடும். மேக்கப் ஸ்பாஞ்சில் ஒரு சின்னத் துண்டு வெட்டி, அதில் கிளிட்டரைத் தடவி அரை நிமிடம் விடுங்கள். திரவத்தை ஸ்பாஞ்ச் குடித்துவிட, துணுக்குகள் மட்டும் மேலே நெருக்கமாக நிற்கும். அதை நகத்தில் ஒற்றி எடுங்கள், இழுக்கக் கூடாது. இரண்டு ஒற்றலில் நகம் மூடிவிடும், தடிமனும் ஏறாது. நுனியில் நெருக்கமாக, அடிப்பக்கம் போகப் போகக் குறைவாக ஒற்றினால் கல்யாணத்துக்குப் பார்லரில் போட்டுவிடுவார்களே, அதே தோற்றம். முதன்முதலில் இதைப் பார்த்த அக்கா மகள் விரலை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பி, "சித்தி, சுவத்துல பாருங்க" என்றாள். சுவரில் சின்னச் சின்ன வெளிச்சப் பொட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. மேலே டாப் கோட், அதாவது கடைசியாகப் பூசும் நிறமில்லாத பாலிஷ், இரண்டு தடவை வேண்டும், இல்லாவிட்டால் உப்புத்தாள் மாதிரி புடவை நூலை எல்லாம் இழுக்கும்.

வலது கை ரகசியம்: முதலில் வலது கைக்குப் போடுங்கள், இடது கை நகங்கள் ஈரமாக இல்லாதபோது. மணிக்கட்டை மேஜையில் ஊன்றி, பிரஷை அசைக்காமல் விரலை உருட்டுங்கள். ஓரத்தில் வழிந்ததைக் காது குடையும் பஞ்சுக் குச்சியில் ரிமூவர் தொட்டுத் துடைத்துவிடலாம். பாட்டிலைக் குலுக்காதீர்கள், குமிழி வரும். உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டுங்கள். தொடங்குமுன் எண்ணெய்ப் பிசுக்குப் போக நகத்தை ஒருமுறை ரிமூவரால் துடைப்பது நல்லது. தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு போட்டால் மறுநாளே உரியும். கெட்டியாகிப்போன பாட்டிலில் ரிமூவர் ஊற்றிக் கரைக்கிற வேலை வேண்டாம், அப்புறம் அது நகத்தில் சரியாகப் பிடிக்காது. அதற்கென்றே தின்னர் விற்கிறது.

மற்ற வகைகளில் நான் மெச்சுவது காந்த பாலிஷ். உள்ளே இரும்புத் துகள். ஈரமாக இருக்கும்போதே சின்னக் காந்தத்தைத் தொடாமல் மேலே பிடித்தால் பூனைக்கண் மாதிரி ஒரு கோடு நகர்ந்து வந்து நிற்கும். தண்ணீரில் சொட்டுவிட்டுக் கோலம் இழுத்து விரலை முக்கும் வித்தையில் பாதி பாட்டில் காலி, ஒரு விரல்கூட உருப்படியாக வரவில்லை. பளபளப்பில்லாத மேட் டாப் கோட் இருந்தால் பழைய மெரூன்களுக்கெல்லாம் மறுபிறவி. விளக்கு வெளிச்சத்தில் வைத்து இறுக வைக்கும் ஜெல் பாலிஷ் மட்டும் வீட்டில் வேண்டாம் என்பேன். விளக்கில் சரியாக இறுகாத ஜெல் தோலில் பட்டுப் பட்டு அலர்ஜி வந்தால் அது ஆயுசுக்கும் நிற்கக்கூடியது, பல் டாக்டர் வைக்கும் சில பசைகள்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஆசைக்கு வருடம் ஒருமுறை பார்லருக்குப் போய்விடுகிறேன்.

வெள்ளை, வெளிர் ரோஸ் நிறங்களை வாங்குமுன் நீங்கள் கையால் சாப்பிடுபவரா என்று யோசியுங்கள். வெள்ளை அடியில் வெள்ளிக் கிளிட்டர் போட்டுக்கொண்டு மீன்குழம்பு பிசைந்தேன். மஞ்சள் டாப் கோட்டில் ஏறிவிட்டது. சோப்புப் போட்டால் மஞ்சள் இன்னும் சிவந்தது. வீட்டில் கிளிட்டர் போட அடர் நீலம், மெரூன், கறுப்பு அடிதான் ஏற்றது. ஆபரேஷன் மாதிரி ஏதாவது இருந்தால் முந்தின நாளே எடுத்துவிடுங்கள். விரலில் கிளிப் மாட்டி ஆக்ஸிஜன் பார்ப்பார்களே, கறுப்பும் நீலமும் அந்த அளவைக் குழப்பக்கூடும், அங்கே போய் ஃபாயில் சுற்றிக்கொண்டிருக்க முடியாது. அப்புறம், அடுப்புப் பக்கம் பாட்டிலைத் திறக்காதீர்கள், அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும்.

இன்றைக்கு அடர் நீலத்தில் வெள்ளி ஒற்றியிருக்கிறேன். வலது கை காய்ந்துவிட்டது. இடது கையில் கடைசி டாப் கோட் போட்டு ஏழு நிமிடம்தான் ஆகிறது, அதனால் ஒற்றைக் கையில் இதை டைப் செய்துகொண்டிருக்கிறேன். அம்மா சின்ன வெங்காயத் தட்டை எதிரில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போயிருக்கிறார்.