பாலக்காட்டில் இருந்துகொண்டு பழைய பென்ஸ் வாங்கலாமா?

கேள்வி: திருப்பூரில் இருந்து கஞ்சிக்கோட்டுக்கு வேலைக்கு வந்திருக்கிறேன், அண்ணா. கோவையில் 2008 மாடல் மெர்சிடிஸ் இ 220 சிடிஐ ஒன்று விலைக்கு வருகிறது. தமிழ்நாடு நம்பர், மீட்டர் ஒன்றரை லட்சம் காட்டுகிறது. புது ஆல்டோ விலைதான் சொல்கிறார்கள். வாங்கலாமா? வாங்கினால் கேரளாவில் வைத்து ஓட்ட முடியுமா?

வாங்கலாம் தம்பி. ஆனால் ஆல்டோ விலைக்கு பென்ஸ் என்று கணக்குப் போடாதீங்க. விலை மட்டும்தான் ஆல்டோ, ஸ்பேர் எல்லாம் பென்ஸ்தான். கையில் இருக்கும் பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வண்டிக்குக் கொடுக்கக் கூடாது. மீதி ஒரு பங்கு முதல் வருஷ வேலைக்கு. அந்த மிச்சம் இல்லாதவர் கையில்தான் இந்த வண்டிகள் மூணாவது நாலாவது ஓனருக்குப் போய், ஷெட்டில் நின்று முடிகின்றன.

நீங்க பார்த்திருக்கும் மாடல் நல்ல தேர்வு. இது டபிள்யூ 211 என்ற குறியீட்டில் வந்த இ கிளாஸ் வரிசை, 2006 நடுவில் அதன் தோற்றம் மாறியது (ஃபேஸ்லிஃப்ட்). அதற்கு முந்தைய வண்டிகளில் எஸ்பிசி என்ற மின்சாரப் பிரேக் உண்டு. அதன் பம்புக்கு ஆயுள் கணக்கு உண்டு, எண்ணிக்கை முடிந்ததும் மீட்டரில் சிவப்பு எச்சரிக்கை வரும், பம்பையே மாற்றணும். 2008 வண்டியில் சாதாரண ஹைட்ராலிக் பிரேக், அந்தத் தலைவலி இல்லை. எஞ்சின் ஓஎம் 646, நாலு சிலிண்டர், 2148 சிசி. கியர்பாக்ஸ் 722.6, ஐந்து வேக ஆட்டோமேட்டிக். பென்ஸில் பழகிய மெக்கானிக் யாருக்கும் இரண்டும் கைவந்தவை.

இதே விலைக்குப் பெட்ரோல் இ 200 கொம்ப்ரெசரும் வரும், வி6 டீசல் இ 280 சிடிஐயும் வரும். கொம்ப்ரெசரில் டைமிங் செயின் நீளும். கேம் மேக்னட்டில் (கேம்ஷாஃப்ட் பக்கம் இருக்கும் மின்காந்தம்) இருந்து கசியும் ஆயில் வயர் வழியாகவே ஏறி எஞ்சின் கம்ப்யூட்டர் வரை போகும். வி6 டீசல் ஓட்ட அருமை, ஆனால் ஆயில் கூலர் சீல் எஞ்சினின் வி பள்ளத்துக்குள் இருக்கிறது. சீல் விலை சொற்பம். அதை எட்டுவதற்கு டர்போவையும் இன்டேக்கையும் கழற்றணும், கூலியில்தான் பணம் போகும். புதுசா வருபவருக்கு நாலு சிலிண்டர் டீசல் போதும். ஆடம்பரம் சீட்டில் இருக்கட்டும், எஞ்சினில் வேண்டாம்.

பேப்பரை முதலில் பார்க்கணும், வண்டியை அப்புறம். 2008-ல் பதிவான காருக்கு 15 வருஷம் 2023-லேயே முடிந்திருக்கும். ஆர்சி புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா, எந்தத் தேதி வரை என்று மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் நம்பரைப் போட்டுப் பாருங்க. புதுப்பிக்காமல் இருந்தால் விற்பவரே தமிழ்நாட்டில் ஃபாரம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி, புதுப்பித்துத் தரட்டும். "நீங்களே பண்ணிக்குங்க, விலையில் குறைச்சுக்கலாம்" என்றால் வேண்டாம். பதிவு காலாவதியான வண்டியை வாளையாறு எல்லை தாண்டி ஓட்டி வருவதே குற்றம். வழியில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரர் கையை விரித்துவிடுவார். காரின் புதுப்பிப்புக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் இருந்து மத்திய அரசு 5,000 ரூபாய் ஆக்கியது, இறக்குமதி வண்டி என்றால் 40,000. 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்ட் அறிவிப்பில் அது 10,000, 80,000 என்று ஏறியது. ஆகவே ஆர்சியில் இறக்குமதி என்று எழுதியிருக்கிறதா என்று கண்டிப்பாகப் பாருங்க. இங்கே விற்ற சாதாரண டபிள்யூ 211 புனேயில் பூட்டியது.

அடுத்தது நம்பர். மோட்டார் வாகனச் சட்டம் 47-ம் பிரிவுப்படி வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் கேரளா நம்பர் வாங்கியே ஆகணும். கோவை பக்கம்தானே, டிஎன் நம்பரிலேயே ஓட்டிவிடலாம் என்று பலர் நினைப்பார்கள். வீடும் வேலையும் இங்கே, வண்டி மட்டும் அங்கே என்றால் ஒருநாள் எம்விடி (கேரள மோட்டார் வாகனத் துறை) ஆட்கள் நிறுத்திக் கேட்பார்கள். 2017-ல், கேரள வரியைத் தவிர்க்கப் புதுச்சேரியில் பதிவு செய்த சொகுசு கார்கள் விவகாரம் வெடித்ததில் இருந்து வெளிமாநில நம்பர் போட்ட பென்ஸ், ஆடி என்றால் இங்கே கண் கூடுதலாகவே படும்.

வழிமுறை இதுதான். விற்பவரின் ஆர்டிஓவில் ஃபாரம் 28 கொடுத்து பாலக்காட்டுக்கு என்ஓசி (ஆட்சேபணை இல்லாச் சான்று) வாங்கணும். கடன் ஏதும் ஆர்சியில் ஏறியிருந்தால் ஃபாரம் 35-ம் வங்கிக் கடிதமும் கொடுத்து முதலில் அதை நீக்கணும். பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து. இங்கே வந்து கேரளா நம்பருக்கான ஃபாரம் 27, முகவரிச் சான்று, இன்சூரன்ஸ், புகைச் சான்று, வண்டியை நேரில் காட்டுதல், வரி. கஞ்சிக்கோடு என்றால் பாலக்காடு ஆர்டிஓ, கேஎல் 09. கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் குடியிருந்தால் கேஎல் 70. வரி, முதலில் வாங்கிய விலையையும் வண்டியின் வயதையும் வைத்துப் போடுவார்கள். 15 வருஷம் தாண்டிய வண்டிக்குப் பசுமை வரியும் சேரும். தொகையை ஆர்டிஓவில் கேட்டு எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் கோவைக்காரரிடம் விலை பேசணும். இரண்டு மாநில இ-சலானும் பாக்கி இல்லை என்று பார்த்துக்கோங்க. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றணும். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது.

டெல்லியில் இருந்து வந்த வண்டி என்று தெரிந்தால் விட்டுவிடுங்க. அங்கே 10 வருஷம் தாண்டிய டீசலுக்குத் தடை வந்ததால் தெற்கே தள்ளப்பட்டவை நிறைய. விலை குறைவு, பேப்பர் சிக்கல் அதிகம்.

இனி வண்டி. இந்த ஊரில் இந்தக் காரைக் கொல்வது கிலோமீட்டர் இல்லை, தண்ணீர். 2015 சென்னை வெள்ளம், 2018 கேரள வெள்ளம், 2023 டிசம்பர் சென்னை வெள்ளம், மூன்றிலும் முங்கிய சொகுசு கார்கள் கழுவித் துடைத்துச் சந்தைக்கு வந்தன. சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பாருங்க, கடைசி அரை அடியில் சேற்றுக் கோடு இருக்கும். சீட் ரயில் போல்ட்டில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சில் ஈரம், ஸ்டெப்னி குழியில் மண் என ஒன்று இருந்தாலும் கிளம்பிவிடுங்க. மெயின் பேட்டரி டிக்கி தரைக்கு அடியில் இருக்கிறது, அந்தப் பள்ளத்தையும் விரலால் தடவிப் பாருங்க.

வெள்ளம் பார்க்காத வண்டியும் எடவப்பாதி மழையில் (ஜூன் வாக்கில் இங்கே தொடங்கும் தென்மேற்குப் பருவமழை) நனையும். வைப்பருக்கு அடியில் இருக்கும் தொட்டியில் மா இலை, பலா இலை அடைத்தால் தண்ணீர் வெளியே போகாமல் உள்ளே இறங்கும். போனட்டுக்கு அடியில் ஃபியூஸ் பெட்டியோடு சேர்ந்த சாம் யூனிட் (லைட், வைப்பர் போன்றவற்றை இயக்கும் கம்ப்யூட்டர்), டிக்கிக்குள் இன்னொரு சாம், இரண்டும் ஈரத்துக்கு ஆகாது. லைட் தானாக எரிவது, வைப்பர் நிற்காமல் ஓடுவது, சென்ட்ரல் லாக் கிறுக்குத்தனம் எல்லாம் பெரும்பாலும் இதனால்தான். சன்ரூஃப் இருந்தால் நாலு மூலையிலும் வடிகால் துளை உண்டு. ஒவ்வொன்றிலும் அரை டம்ளர் தண்ணீர் விட்டுப் பாருங்க, அது காருக்கு அடியில் சொட்டணும். சொட்டவில்லை என்றால் மெல்லிய நைலான் நரம்பைப் பொறுமையாக விட்டு அடைப்பு எடுக்கணும். கம்ப்ரெஸர் காற்றை அழுத்தமாக அடித்தால் உள்ளே குழாய் கழன்றுவிடும், அப்புறம் கூரைத் துணியையே இறக்கணும். ஏசி தண்ணீர் போகும் குழாய் அடைத்தாலும் கார்ப்பெட் நனையும், இது அடிக்கடி நடப்பது.

எஞ்சினைக் கண்டிப்பாகக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் பண்ணணும். நீங்க போகும் முன்னே சூடு பண்ணி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்க. மேல் மூடியைக் கழற்றி இன்ஜெக்டர்களைச் சுற்றிப் பாருங்க. அடியில் இருக்கும் செம்பு வாஷர் தளர்ந்தால் எரிந்த வாயு வெளியே வந்து தார் மாதிரி கறுப்பாக உறையும், குளிர்ந்த எஞ்சினில் "சுஃப் சுஃப்" என்று சத்தம் கேட்கும். ஆரம்பத்தில் பிடித்தால் வாஷரும் புது போல்ட்டும் போட்டால் தீர்ந்தது. போல்ட் இழுபடும் வகை, பழையதையே திரும்பப் போடக் கூடாது. அந்தத் தார் இறுகி இன்ஜெக்டரையே பிடித்துவிட்டால் வெளியே எடுக்கத் தனிக் கருவி வேண்டும், செலவு பல மடங்கு. கறுப்பு அதிகமாக இருந்தால் விலையில் குறைக்கச் சொல்வதை விட வேறு வண்டி பார்ப்பது மேல்.

கியர்பாக்ஸுக்கு நேரம் கொடுங்க. பிரேக்கை மிதித்து ஆர் போட்டால் ஒரு நொடிக்குள் பிடிக்கணும். மணிக்கு 40 முதல் 80 வரை ஆக்ஸிலரேட்டரை லேசாக வைத்துப் போகும்போது சாலையில் இருக்கும் மேட்டு வரிகள் மேல் ஓடுவது போல் அதிர்ந்தால் டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் பாகம்) அல்லது பழைய ஆயில் காரணம். இரண்டாவது கியரிலேயே மாட்டிக்கொண்டு வேறு கியர் மாறாது என்றால் பெரும்பாலும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கண்டக்டர் பிளேட்டின் (மின் இணைப்புத் தகடு) வேக சென்சார். பக்கவாட்டில் இருக்கும் 13 முள் பிளக்கைப் பிடுங்கிப் பார்க்கச் சொல்லுங்க. அதன் ஓ-ரிங் தேய்ந்து ஆயில் வயருக்குள் ஏறியிருந்தால் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் வரை நனைந்திருக்கும். மலிவான பிளாஸ்டிக் பாகம், விட்டுவைத்தால் பெரிய பில்.

ஸ்கேன் இல்லாமல் முடிவு எடுக்காதீங்க. ஸ்டார் டயக்னோசிஸ் (பென்ஸின் சொந்த ஸ்கேன் கருவி) வைத்திருக்கும் ஆளை வைத்து எல்லா யூனிட்டையும் ஒரு முறை படிக்கணும். பிறகு முப்பது கிலோமீட்டர் ஓட்டி மறுபடி படிக்கணும். வரும் முன்னே அழித்துவைத்த கோளாறு இரண்டாவது தடவை எட்டிப்பார்க்கும். மீட்டர் ஒன்றரை லட்சம் உண்மையா என்பதற்குச் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் வரலாறு எடுங்க. ஸ்டியரிங் தோலும் பிரேக் பெடல் ரப்பரும் வழுக்கையாக இருந்து மீட்டர் மட்டும் குறைவாக இருந்தால் பெடலைத்தான் நம்பணும். சாவி இரண்டும் இருக்கிறதா என்று கேளுங்க, ஒரே சாவி என்றால் இன்னொன்று அடையாளச் சான்றோடு ஆர்டர் போட்டு வாங்கணும், மலிவு இல்லை.

வாங்கியதும் செய்ய வேண்டியவை. எஞ்சின் ஆயில் சுமார் ஆறரை லிட்டர், டின்னில் பென்ஸ் அங்கீகார எண் 229.5 அல்லது 229.51 என்று எழுதியிருக்கணும், வெறும் கிரேடு பார்த்து வாங்காதீங்க. 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முந்தியோ அது. ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், கேபின் ஃபில்டர் எல்லாம் புதுசு. கியர்பாக்ஸ் ஆயிலுக்கு அந்த அங்கீகார எண் 236.14, ஃபில்டரும் பான் கேஸ்கெட்டும் 13 முள் பிளக்கும் சேர்த்து. பானை மட்டும் இறக்கினால் பாதி ஆயில்தான் வரும், கன்வெர்ட்டரில் இருப்பதையும் சேர்த்தால் எட்டு லிட்டர் கிட்ட வேண்டும். இந்தக் கியர்பாக்ஸில் கைப்பிடி டிப்ஸ்டிக் கிடையாது, 80 டிகிரி சூட்டில் தனி அளவுகோல் விட்டுத்தான் அளவு பார்க்கணும். கண்ணளவில் ஊற்றும் பட்டறை என்றால் வெளியே வந்துவிடுங்க. அதன் பிறகு 60,000-க்கு ஒரு தடவை போதும். பிரேக் ஆயில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். ஆறு வருஷம் தாண்டினால் டயர் பட்டன் தேயாமல் எவ்வளவு இருந்தாலும் மாற்றணும்.

ரேடியேட்டரைத் தள்ளிப்போடாதீங்க. பாலக்காட்டு மீன, மேட மாச (நம் பங்குனி, சித்திரை) வெயில் 40 டிகிரியைத் தொடும், பிளாஸ்டிக் தொட்டி இந்த வயதில் விரிசல் விடும். கியர் ஆயில் குளிரும் பகுதியும் அந்த ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. உள்ளே உடைந்து கூலன்ட் கியர் ஆயிலில் கலந்தால் கியர்பாக்ஸே போய்விடும். நல்ல கம்பெனி ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், கூலன்ட் மூன்றும் ஒரே நாளில் முடித்துவிடுங்க. குழாய்த் தண்ணீர் ஊற்றக் கூடாது. வாளையாற்றில் லாரிகளுக்குப் பின்னால் நின்றபடி ஏசி போட்டு இருபது நிமிஷம் ஐடிலில் விட்டால் ஃபேன் சரியாக இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

முன்பக்கக் கீழ் ஆர்ம் பால் ஜாயின்ட், புஷ், டை ராட் மாற்றினால் அலைன்மென்ட் அன்றைக்கே. நம் பக்கத்துக் குழிச் சாலையில் இவைதான் முதலில் போகும்.

ஷோரூம் சர்வீஸ் எல்லாவற்றுக்கும் வேண்டாம். சாவி, யூனிட் கோடிங், ரீகால் சரிபார்ப்பு மூன்றுக்கும் அங்கே போங்க. மற்றதுக்கு பென்ஸ் மட்டுமே பார்க்கும் தனிப் பட்டறை கோவையில் கிடைக்கும், கஞ்சிக்கோட்டில் இருந்து ஒரு மணி நேரம்தான். ஒரிஜினல் பெட்டியில் வரும் பாகத்தையே போஷ், லெம்ஃபோர்டர், மான், பெஹர் என்ற பாகக் கம்பெனிகளின் பெயரில் குறைந்த விலைக்கு வாங்கலாம். பெட்டியில் இருக்கும் பார்ட் நம்பரை உங்கள் சேஸிஸ் நம்பரோடு ஒப்பிட்ட பிறகே பணம் கொடுங்க. சென்சாரும் எலக்ட்ரிக் யூனிட்டும் பழைய இரும்புக் கடையில் வாங்காதீங்க. கதவு, கண்ணாடி, டிரிம் என்றால் சென்னை புதுப்பேட்டை மாதிரி இடத்தில் தாராளமாகத் தேடலாம்.