கேரவன் டிரெய்லருக்கு வீட்டு எலக்ட்ரீஷியனை வைத்தே ஒயரிங் செய்துகொள்ளலாமா?

பாதி வேலையை அவரிடம் கொடுக்கலாம். மறு பாதியைக் கொடுக்கக் கூடாது. எந்தப் பாதி என்பதை நான் கைக்காசு செலவழித்துத் தெரிந்துகொண்டவன் என்பதால், இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கடந்துபோக மனம் வரவில்லை.

உங்கள் நிலைமை எனக்கு ஓரளவு விளங்குகிறது. காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் சிறிய கேரவன் ஒன்றை வாங்கியிருப்பீர்கள் அல்லது பட்டறையில் கட்டக் கொடுத்திருப்பீர்கள். வெளிக்கூடு வந்திருக்கும், உள்ளே விளக்கு, மின்விசிறி, ஃப்ரிட்ஜ், பேட்டரி எல்லாம் இனிமேல்தான். வீட்டுக்கு வழக்கமாக வருகிற எலக்ட்ரீஷியன், "கரண்டுன்னா எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று சொல்லியிருப்பார். என்னிடமும் அதைத்தான் சொன்னார்கள்.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மின் பொறியாளர் அல்லன். வங்கியில் 33 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்று மடிப்பாக்கத்தில் குடியிருப்பவன். ஆகவே "உமக்கு என்ன தகுதி" என்று கேட்கவிருப்பவர்களுக்கு என் பதில், ஒன்றும் இல்லை என்பதுதான். நான் எழுதுவது என் வண்டியில், என் கண் முன்னால், பெரும்பாலும் என் முட்டாள்தனத்தால் நடந்தது. அதில் ஒரு வாக்கியம் தவறு என்று மின்துறை அறிந்தவர்கள் காட்டினால் திருத்திக்கொள்வேன்.

என்னிடம் இருப்பது 2010 மாடல் பொலிரோ. அதன் பின்னால் இழுப்பது, சாமான் ஏற்றிய பிறகு ஏறத்தாழ 700 கிலோ எடை வரும் ஒற்றை அச்சு டிரெய்லர். வண்டிக்கும் டிரெய்லருக்கும் இடையே விளக்குகளுக்காக ஏழு முனைப் பிளக் ஒன்று உண்டு. அந்தப் பிளக்கிலிருந்து ஏழு நிறங்களில் ஒயர்கள் டிரெய்லருக்குள் செல்லும். எங்கள் பகுதி எலக்ட்ரீஷியன் தம்பி மிகவும் நேர்த்தியான வேலைக்காரர். எங்கள் அடுக்ககத்தில் அவர் கை படாத சுவிட்ச் போர்டு இல்லை. அவர் அந்த ஏழில் பச்சை ஒயரைத் தேடி எடுத்து, முனையில் லக் என்ற உலோக வளையம் வைத்து நசுக்கி, ஸ்பிரிங் வாஷர் போட்டு டிரெய்லரின் சேஸிஸில், அதாவது அடிப்பக்க இரும்புச் சட்டத்தில், போல்ட்டால் முறுக்கினார். மொத்த வேலையிலும் அதுவே மிக அழகான இணைப்பு. "பச்சைன்னா எர்த்து சார். அத மொதல்ல முடிச்சுட்டா நிம்மதி" என்றார்.

வீட்டில் பச்சை என்றால் எர்த். அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் டிரெய்லர் பிளக்கில் பச்சை என்பது வலப்பக்க இண்டிகேட்டர். ஐஎஸ்ஓ 1724 என்ற தரத்தின்படி அமைந்த பிளக்கில் முதல் முனை மஞ்சள், அது இடப்பக்க இண்டிகேட்டர். இரண்டாம் முனை நீலம், பின்பக்கப் பனி விளக்கு. மூன்று வெள்ளை, அதுதான் எர்த். நான்கு பச்சை, வலப்பக்க இண்டிகேட்டர். ஐந்து பழுப்பு, வலப்பக்க டெயில் விளக்கு. ஆறு சிவப்பு, பிரேக் விளக்கு. ஏழு கறுப்பு, இடப்பக்க டெயில் விளக்கு. நம் வீடுகளில் நெடுங்காலமாக நியூட்ரலாக இருந்து வரும் கறுப்பு, இங்கே விளக்குக்கு மின்சாரம் கொண்டு செல்லும் ஒயர். தம்பி பச்சையைச் சேஸிஸில் கட்டிவிட்டு, மீந்த வெள்ளையை வலப்பக்க இண்டிகேட்டர் விளக்கில் கொடுத்துவிட்டார்.

விபரீதம் என்னவென்றால், தெருவில் நிறுத்திச் சோதித்தபோது எல்லாம் எரிந்தது. வலப்பக்க இண்டிகேட்டர்கூடச் சரியாக மின்னியது. இழை பல்புக்கு மின்சாரம் எந்தப் பக்கமாக நுழைகிறது என்பது ஒரு பொருட்டே அல்ல. சேஸிஸ் வழியாகத் தலைகீழாக வந்த மின்சாரத்திலும் அது எரியும். எல்இடி விளக்காக இருந்திருந்தால் அன்றே காட்டிக்கொடுத்திருக்கும். மங்கலாக எரிகிறதா, பளிச்சென்று எரிகிறதா என்று பட்டப்பகலில் யார் பார்த்தார்கள்?

அந்தச் சனிக்கிழமை மாலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் நோக்கிக் கிளம்பினோம். கோவளத்தைத் தாண்டும்போது இருட்டிவிட்டது, தூறலும் பிடித்துக்கொண்டது. திருவிடந்தையை அடுத்து வலப்புறம் திரும்புவதற்காக இண்டிகேட்டர் போட்டேன். இரண்டு முறை மின்னியது, பிறகு நின்றுவிட்டது. இடப்பக்கம் போட்டுப் பார்த்தேன், அதுவும் இல்லை. ஓரம் கட்டிப் பார்த்தால் ஃபியூஸ் போயிருந்தது. வேறு ஃபியூஸ் போட்டேன். அடுத்த வலத் திருப்பத்தில் அதுவும் போயிற்று. மூன்றாவதும் போன பிறகு கையிருப்பு தீர்ந்தது. மீதித் தூரத்தை அந்தக் காலத்து லாரிக்காரர்போல் கையை வெளியே நீட்டியே ஓட்டினேன்.

தங்குமிடம் சேர்ந்ததும் என் மனைவியை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தி, பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு நான் பின்னால் டார்ச்சுடன் குனிந்து நின்றேன். பிரேக் விளக்குகள் கஞ்சத்தனமாக ஒரு செம்மை காட்டின. அதோடு சேர்ந்து, யாரும் போடாத வலப்பக்க இண்டிகேட்டரும் மங்கலாக எரிந்தது. "என்னங்க, எரியுதா இல்லையா? கால் வலிக்குது" என்று முன்னாலிருந்து குரல் வந்தது. என்ன பதில் சொல்வது? எரிகிறது, ஆனால் எரிய வேண்டியதோடு எரியக் கூடாததும் எரிகிறது.

திங்கட்கிழமை புதுப்பேட்டைக்குப் போனேன். கார் உதிரிபாகக் கடைகளுக்கு நடுவே வண்டி ஒயரிங் மட்டும் பார்க்கிற ஒரு பெரியவர், பிளக்கைப் பிரித்து, சேஸிஸில் இருந்த அந்த அழகான போல்ட்டைப் பார்த்துச் சிரித்தார். "வூட்டு வேல பாக்குறவரு பண்ணாரா சார்?" என்று கேட்டார். பத்தே நிமிடத்தில் வெள்ளையையும் பச்சையையும் மாற்றிக் கொடுத்துவிட்டு அவர் விளக்கியது இதுதான். டிரெய்லர் விளக்குகளுக்குப் போன மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பியாக வேண்டும். திரும்பும் வழியான வெள்ளை சேஸிஸில் இல்லாததால், அது பச்சை வழியாகப் புகுந்து, பொலிரோவின் இண்டிகேட்டர் பல்புகளின் ஊடே தட்டுத்தடுமாறி வீடு சேர்ந்திருக்கிறது. மங்கலுக்கு அதுவே காரணம். டிரெய்லரைக் காரோடு மாட்டும் இழுவைப் பந்தில் கிரீஸும் சங்கிலிக் கொக்கியில் பெயின்ட்டும் இருந்தவரை டிரெய்லரின் சேஸிஸ் காரின் உடலோடு மின்தொடர்பு இல்லாமல் இருந்தது. சாலைக் குலுக்கலில் இரும்பும் இரும்பும் உரசியதும், வலப்பக்க இண்டிகேட்டருக்கான மின்சாரம் நேராகக் காரின் உடலுக்கே பாய்ந்தது, ஃபியூஸ் போயிற்று.

தம்பியை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் தொழிலின் முதல் விதியைத்தான் கடைப்பிடித்தார். அது வேறு ஊர் விதி என்பதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

ஃப்ரிட்ஜ் கதையும் இதே ரகம். 60 வாட் ஃப்ரிட்ஜ் 230 வோல்ட்டில் ஓடினால் கால் ஆம்பியர்தான் இழுக்கும்; 12 வோல்ட்டில் அதே 60 வாட்டுக்கு 5 ஆம்பியர் வேண்டும். வீட்டுக் கணக்கில் 1 ஸ்கொயர் எம்எம் ஒயர் போதும் என்று தம்பி இழுத்துவிட்டார். பேட்டரி டிரெய்லரின் வாலில், ஃப்ரிட்ஜ் மூக்கில். போக 6 மீட்டர், வர 6 மீட்டர். அந்தத் தடிமன் செம்புக் கம்பி மீட்டருக்கு 0.017 ஓம் தடை தரும். 12 மீட்டருக்கு 0.2 ஓம், 5 ஆம்பியர் ஓடும்போது வழியிலேயே 1 வோல்ட் காணாமல் போகும். வீட்டில் 230இல் ஒரு வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. இங்கே 12இல் ஒன்று போவதென்றால் ஃப்ரிட்ஜ் பேட்டரி இறங்கிவிட்டதாக நினைத்துத் தன்னை அணைத்துக்கொள்ளும். அணைந்ததும் வோல்ட் ஏறும், மறுபடி கிளம்பும், மறுபடி அணையும். இரவு முழுவதும் இதே வேலை, காலையில் பால் திரிந்திருக்கும். தம்பி மீட்டர் வைத்துப் பார்த்து, "ஃபுல் வோல்ட் இருக்கே சார்" என்றார். இருக்கத்தான் செய்யும், ஃப்ரிட்ஜ் ஓடாதபோது பார்த்தால் 12.6, ஓடும்போது பார்த்தால் 11.3. உங்கள் வண்டியிலும் சுமை ஓடிக்கொண்டிருக்கும்போதே அளந்து பாருங்கள்.

பேட்டரியை வாலில் வைத்தது இன்னொரு தவறு. அதற்கு ஒப்புதல் கொடுத்தவன் நானே. வீட்டு இன்வெர்ட்டரில் போடும் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி 50 கிலோவுக்குக் குறையாது. அச்சுக்குப் பின்னால் அவ்வளவு எடை உட்கார்ந்ததால் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. மணிக்கு 70 கிலோமீட்டர் தொட்டதும் டிரெய்லர் பாம்புபோல் நெளிய ஆரம்பித்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை அசைக்காமல் பிடித்துக்கொண்டதால் தப்பித்தோம். கொக்கியின் மேல் இறங்கும் மூக்கு எடை, மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பியக் கணக்கு. அமெரிக்கர்கள் 10 முதல் 15 என்பார்கள். குளியலறை எடை இயந்திரத்தை மூக்கின் கீழ் வைத்துப் பார்த்தால் என்னுடையது வெறும் 16 கிலோ. பேட்டரியை, காற்றுப் போக்குள்ள பெட்டியில், அச்சுக்குச் சற்று முன்னால் நகர்த்தியதும் 46 கிலோ ஆயிற்று, நெளிவும் நின்றது. ஃப்ரிட்ஜுக்கான ஒயர் தூரமும் பாதியாகக் குறைந்தது. அதை 6 ஸ்கொயர் எம்எம் ஆக்கி, பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்தேன். தம்பி ஃபியூஸை ஃப்ரிட்ஜின் அருகே வைத்திருந்தார். நடுவே ஒயர் எங்காவது உரசித் தீப்பற்றினால் அந்த ஃபியூஸுக்குச் சேதியே போகாது.

இனி 230 வோல்ட் பக்கம். உங்கள் எலக்ட்ரீஷியனிடம் கொடுக்கலாம் என்று நான் சொன்ன பாதி இதுதான். ஆனால் இங்கேயும் ஒரு பொறி உண்டு. முட்டுக்காடு பக்கம் நண்பரின் தோட்ட வீட்டில் நிறுத்தி, அவர் வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மூலம் மின்சாரம் எடுத்தேன். ஈரப் புல்லில் வெறுங்காலுடன் நின்று கதவின் கைப்பிடியைத் தொட்ட என் மனைவிக்கு விரலில் சுருக்கென்றது. டெஸ்டரைக் கைப்பிடியில் வைத்தேன். உள்ளே சிவப்பாக எரிந்தது. மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அமுக்கினேன், டக்கென்று விழுந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் ஷாக் அடிக்கிறது.

காரணம் அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். மேலே மூன்று ஓட்டை, உள்ளே இரண்டே ஒயர். எர்த் ஓட்டை வெறும் அலங்காரம். பேட்டரி சார்ஜரின் வடிகட்டியிலிருந்து கசியும் மிகச் சிறிய மின்சாரம் எர்த்துக்குப் போக வழியின்றி, ரப்பர் டயர்மேல் நிற்கும் மொத்த வண்டியிலும் ஏறி நின்றிருக்கிறது. ஆர்சிசிபி விழுவதற்கான அளவு 30 மில்லி ஆம்பியர்; கசிவு அதைவிட மிகக் குறைவு என்பதால் அது அசையவில்லை. டெஸ்ட் பொத்தான் எர்த்தைச் சோதிப்பதே இல்லை. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே தன் உள்ளுக்குள்ளேயே ஒரு கசிவை உண்டாக்கிப் பார்க்கிறது. எர்த்தே இல்லாத இடத்திலும் அது விழும். மாதாமாதம் அதை அமுக்கிப் பார்த்து மன நிறைவு அடைந்துகொண்டிருந்த என்னை நினைத்து இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் அடுக்ககத்தில் வாகன நிறுத்துமிடத்தில் எர்த்துடன் கூடிய ஒரு 16 ஆம்பியர் சாக்கெட் கேட்டு மூன்று கடிதம் கொடுத்துவிட்டேன். மின்சாரக் கார் வைத்திருப்பவருக்கு ஒரே வாரத்தில் கிடைத்தது. எனக்கு, "அது வண்டியா வீடா என்று முதலில் தெளிவுபடுத்துங்கள்" என்று பதில் வந்தது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான், பதிவு எண்ணும் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன். இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

ஆக, ஆர்சிசிபி, மின்சாரம் அளவு மீறினால் விழும் எம்சிபி, 230 வோல்ட் சாக்கெட்டுகள், வெளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் மூன்று கோர் கேபிள் ஆகியவற்றை உங்கள் எலக்ட்ரீஷியன் தாராளமாகச் செய்யட்டும். சேஸிஸை எர்த்துடன் இணைக்கச் சொல்லி, கூட நின்று பாருங்கள். ஏழு முனைப் பிளக்கையும் 12 வோல்ட் ஒயர்களையும் வண்டி ஒயரிங் பார்ப்பவரிடம் விடுங்கள். இரண்டு வகை ஒயர்களையும் ஒரே பைப்பில் விடாதீர்கள். நாளைக்கு யாராவது 12 வோல்ட் என்று நினைத்து வெறுங்கையால் பிரிப்பார்கள். விளக்குகளை இரவில், கொக்கியை மாட்டிய நிலையில், ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லிச் சோதியுங்கள்.

எங்கள் தம்பி இப்போதும் என் வண்டியில் 230 வோல்ட் வேலைக்கு வருகிறார். நடந்ததைச் சொன்னதும் மிகவும் வருந்தினார். இனி மறக்கக் கூடாது என்று, பிளக்குக்குப் பக்கத்தில் வெள்ளை ஒயரின் மேல் நான்கு சுற்றுப் பச்சை டேப் சுற்றிவிட்டார். அடுத்து அதைத் திறக்கப்போகிறவர் புதுப்பேட்டைப் பெரியவர் என்பதால், தம்பி படியிறங்கிப் போன பிறகு டேப்பைப் பிரித்து எடுத்துவிட்டேன்.