காட்டேரி மாமாவின் ஆடும் பல்

கேள்வி: என் ஐந்து வயது மகள் பகலெல்லாம் ரத்தக்காட்டேரிப் பாட்டைப் பாடிச் சிரிக்கிறாள். ராத்திரியானால் விளக்கை அணைக்க விடுவதில்லை. அந்தப் பாட்டை நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். சிறுவர் பாடல்கள் எழுதுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: கொஞ்சம் பயம் இருக்கிற இடத்தில்தான் குழந்தைக்குச் சிரிப்பும் அவ்வளவு சத்தமாக வரும்.

1897-இல் பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' என்ற ரத்தக்காட்டேரி நாவல் வெளிவந்தது. பெரியவர்களையே நடுங்க வைத்த கதை அது. பிள்ளைகளின் பாட்டில் வருபவருக்கும் அதே கோரைப்பல்தான். ஆனால் அவருக்குப் பிள்ளைகள் படும் தொல்லை ஒன்றைக் கொடுத்துவிட்டால் போதும், ஆள் நம்மவராகிவிடுவார். நான் எழுதியது இது:

கருப்புப் போர்வை போர்த்திக்கிட்டு
காட்டேரி மாமா வந்தாராம்,
கடிக்கலாம்னு வாயைத் திறந்தா
கோரைப்பல்லு ஆடுதாம்!

மூன்றாவது வரி முடிந்ததும் ஒரு மூச்சு நிறுத்துவேன். எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் கழுத்தைப் பொத்திக்கொள்வார்கள். 'ஆடுதாம்' என்றதும் கை கழுத்தை விட்டு வாய்க்குப் போகும். பால்பல் ஆடுகிற வயதுக்காரர்கள் எழுந்து வந்து தங்கள் பல்லை ஆட்டிக் காட்டுவார்கள். "மாமாவுக்கும் வலிக்குமா?" என்று கேட்பார்கள். உடனே மறுபடி பாடச் சொல்வார்கள். பாட்டில் பயம் எந்த வரியில் வரும், எந்த வரியில் போகும் என்று அவர்களுக்குத் தெரியும். இருட்டில் வரும் பயத்துக்கு அப்படித் தாளம் கிடையாது. உங்கள் மகள் விளக்கு கேட்பது அதனால்தான்.

விளக்கு எரியட்டும். படுக்கும்முன் அடுத்த அடியை அவளையே இட்டுக்கட்டச் சொல்லுங்கள். பல் விழுந்த மாமா எதைச் சாப்பிடுவார்? அவரை யார் தூங்க வைப்பார்கள்? எதுகை மோனை சரியாக வராவிட்டாலும் திருத்தாதீர்கள்.

நிறுத்த வேண்டிய பாட்டு வேறு இருக்கிறது. 'தூங்காவிட்டால் காட்டேரி வருவான்' என்று மிரட்டுகிற பாட்டு. வேடிக்கையாகப் போய்க்கொண்டிருந்து கடைசியில் திடீரென்று அலறும் வீடியோக்களும் அந்த ரகம்தான். அவற்றை நான் பிள்ளைகள் பக்கம் அண்ட விடமாட்டேன்.

கேள்வி: 'செசமி ஸ்ட்ரீட்' என்ற அமெரிக்கச் சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வரும் காட்டேரிப் பிரபு ஏன் எப்போது பார்த்தாலும் எதையாவது எண்ணிக்கொண்டே இருக்கிறார்?

குழந்தைகளுக்கு எண்கள் சொல்லிக்கொடுக்க 1972-இல் வந்த பொம்மை அவர். 1931-இல் வந்த திரைப்படத்தில் பேலா லுகோசி நடித்த டிராகுலாவின் சாயல் உடையிலும் பேச்சிலும் அப்படியே இருக்கும். எண்ணி முடித்ததும் இடி இடிக்க, மின்னல் வெட்டச் சிரிப்பார்.

ஐரோப்பிய நாட்டார் நம்பிக்கை ஒன்று இதற்கு அழகாகப் பொருந்துகிறது. கல்லறையிலும் வாசலிலும் கசகசாவையோ தினையையோ இறைத்து வைப்பார்களாம். காட்டேரிக்கு அதைத் தாண்டிப் போக மனசு வராது. ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே இருக்க, பொழுது விடிந்துவிடும்.

அந்தப் பொம்மையை உருவாக்கியவர்கள் மேல் எனக்கு மரியாதை வந்தது வேறொரு காரணத்தால். ஆரம்பத்தில் கையை அசைத்து எதிரில் இருப்பவரை மயக்கி நிறுத்துவார் பிரபு. சின்னப் பிள்ளைகள் மிரளக்கூடும் என்று பிறகு அதை எடுத்துவிட்டார்கள். கோரைப்பல்லையும் இடியையும் விட்டுவைத்தார்கள்.