வாங்கிய அசெட்டும் வாங்காத உரிமையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குழப்பத்தின் கிளைகளாக இருந்தன. கணினி விளையாட்டு உருவாக்குபவர்களுக்கு ஆயத்தப் படங்கள், மாடல்கள் (முப்பரிமாண உருவங்கள்), இசை முதலிய அசெட்டுகளை விற்கும் அசெட் ஸ்டோரில் பணம் செலுத்தியவுடன் கோப்பு நம் கணினிக்கு வந்துவிடுகிறது; அந்தப் பணத்துக்கு நாம் பெற்றது அந்தப் படைப்பின் உரிமையா, அதை இன்னின்னவாறு பயன்படுத்தலாம் என்ற அனுமதி மட்டுமா என்பதைச் சண்டை வரும்வரை யாரும் படித்துப் பார்ப்பதில்லை. கேள்விகளைச் சுருக்கி, எழுதியவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கித் தந்திருக்கிறேன். இவை பொதுவான விளக்கங்களே. வழக்கறிஞர் நோட்டீஸ் கைக்கு வந்துவிட்டவர்கள் தங்கள் ஆவணங்களை ஒரு வழக்கறிஞரிடம் காட்டியாக வேண்டும்.

கேள்வி: நான் பணம் கொடுத்து வாங்கிய தொகுப்பிலுள்ள அதே போர்வீரன் இன்னொருவரின் விளையாட்டிலும் கதாநாயகனாக நிற்கிறான். அவர்மீது நடவடிக்கை எடுக்க முடியுமா?

பதில்: முடியாது. அவரும் உங்களைப் போலவே அதே கடையில் வாங்கியிருப்பார். அசெட் ஸ்டோர்களில் விற்கப்படுபவை ஏறக்குறைய அனைத்தும் ஒருவருக்கே உரியவை அல்லாத உரிமங்கள். ஓவியர் பதிப்புரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, ஒரே கோப்பைப் பயன்படுத்தும் அனுமதியை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் விற்கலாம், விலை குறைவாக இருப்பதன் காரணமும் அதுதான். அந்த வீரனுக்கு நீங்கள் புதிய கவசம் வரைந்திருந்தால் அந்தக் கவசம் உங்கள் படைப்பு. உள்ளேயிருக்கும் உருவம் உங்களுடையது ஆகாது. அந்த உருவத்தை உங்கள் விளையாட்டின் சின்னமாக்கி வணிகக்குறியாகப் பதிவு செய்ய நினைத்தால், உரிமத்தை முதலில் பாருங்கள். பல உரிமங்கள் அதை வெளிப்படையாகத் தடை செய்கின்றன. மரம், பாறை, நாற்காலி முதலியவற்றைக் கடையில் வாங்கலாம், ஆனால் முகப்புப் படத்தில் வரப்போகும் உருவத்தை ஓவியரைக் கொண்டு வரைவித்து, உரிமை மாற்றத்தை எழுத்தில் பெற்றுக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. ஓவியருக்குப் பணம் கொடுத்துவிட்டதால் மட்டும் பதிப்புரிமை கைமாறிவிடுவதில்லை. பெரும்பாலான நாடுகளில் அதற்குக் கையெழுத்திட்ட ஆவணம் வேண்டும்.

கேள்வி: எங்கள் விளையாட்டு வெளியான மூன்றாம் மாதத்தில், அதிலுள்ள அரக்கன் மாடல் தம்முடையது என்று ஒரு ஓவியர் புகார் கொடுக்க, விற்பனைத் தளம் விளையாட்டை முடக்கிவிட்டது. மாடலை அசெட் ஸ்டோரில் முறையாக வாங்கினோம், ரசீதும் இருக்கிறது. விற்றவர் திருடியிருந்தால் அதற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாவோம்?

பதில்: இந்தக் கடிதத்திலுள்ள கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும் என்று சொல்ல முடியாது. தமக்கு இல்லாத உரிமையை ஒருவர் இன்னொருவருக்கு விற்க முடியாது; ஆகவே விற்பவர் திருடியிருந்தால், உங்கள் கையிலிருக்கும் உரிமம் வெறுந்தாள்தான். நல்லெண்ணத்தோடு வாங்கினீர்கள் என்பது இழப்பீட்டுத் தொகையைக் குறைக்க உதவலாம். மீறலே நடக்கவில்லை என்று வாதிட உதவாது. ஓவியர் தம் படைப்பை எங்கும் பதிவு செய்யவில்லையே என்ற வாதத்துக்கும் அதிக வலு இல்லை, ஏனெனில் 1886ஆம் ஆண்டின் பெர்ன் ஒப்பந்தத்தில் சேர்ந்துள்ள நாடுகளில், ஒரு படைப்புக்குப் பாதுகாப்பு கிடைக்கப் பதிவு என்ற சடங்கு தேவையில்லை.

பெரிய விற்பனைத் தளங்கள் பலவும் பின்பற்றும் அறிவிப்பு முறை, அமெரிக்காவில் 1998இல் இயற்றப்பட்ட டிஎம்சிஏ என்ற டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து வந்தது. புகார் வந்தால் தளம் உள்ளடக்கத்தை நீக்கும். நீக்கியது தவறு என்று நீங்கள் எதிர் அறிவிப்புக் கொடுத்து, புகார் கொடுத்தவர் நீதிமன்றத்துக்குப் போகாமல் இருந்தால், 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் அது திரும்ப ஏற்றப்பட வேண்டும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த எதிர் அறிவிப்பை அவசரப்பட்டு அனுப்பிவிடாதீர்கள். தவறுதலாகவோ வேறொன்றோடு குழப்பிக்கொண்டோ நீக்கப்பட்டது என்று நம்புவதாகப் பொய்ச்சாட்சியத் தண்டனைக்கு உட்பட்டு அதில் கையெழுத்திடுகிறீர்கள். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் அதிகார வரம்பையும் ஏற்றுக்கொள்கிறீர்கள். அரக்கனை வரைந்தவர் யார் என்று உங்களுக்கே ஐயம் இருக்கும்போது அந்தத் தாளில் கையெழுத்திடுவது வீண் துணிச்சல்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், முதலில் அந்த மாடலை எடுத்துவிட்டு மாற்று மாடலுடன் புதிய பதிப்பைத் தயார் செய்வேன். அதே நாளில் ஓவியருக்கு ரசீதின் நகலுடன் மரியாதையாக ஒரு கடிதம் எழுதி, அவர் படைத்ததற்கான ஆதாரத்தை, குறிப்பாகத் தேதியுள்ள மூலக் கோப்பையோ ஆரம்பகால வரைவுகளையோ கேட்பேன். பல ஓவியர்களின் உண்மையான கோபம் திருடி விற்றவர்மீதுதான் இருக்கும்; உங்கள் ரசீதைப் பார்த்ததும் அவருடைய தொனி மாறுவதற்கு வாய்ப்பு உண்டு. அதன்பின் அசெட் ஸ்டோரிடம் புகார் செய்து பணத்தைத் திரும்பக் கேளுங்கள். விளையாட்டு முடங்கியதால் ஏற்பட்ட நட்டத்தையும் கடை ஈடு செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள். அத்தகைய பொறுப்பை மிகக் குறைந்த அளவுக்குள் சுருக்கும் பிரிவு ஏறக்குறைய எல்லாக் கடைகளின் ஒப்பந்தத்திலும் இருக்கிறது. நட்டத்தை வசூலிக்க வேண்டுமானால் விற்றவரிடம்தான் போக வேண்டும், அவரோ பெரும்பாலும் ஒரு புனைபெயராக மட்டுமே இருப்பார்.

கேள்வி: எங்கள் ஸ்டூடியோவின் பொதுக் கோப்புறையில் பல ஆண்டுகளுக்கு முன் யாரோ சேர்த்துவைத்த சுவர், தரை, உலோக டெக்ஸ்சர்கள் (மேற்பரப்புப் படங்கள்) உள்ளன. உரிம விவரம் எதுவும் இல்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் யாராவது கேட்பார்களா?

பதில்: கேட்டிருக்கிறார்கள். 1996இல் வெளியான ஒரு புகைப்பட நூலுடன் வந்த குறுந்தகட்டில் இருந்த மேற்பரப்புப் படங்கள், 2005இல் வெளியான ரெசிடென்ட் ஈவில் 4 உள்ளிட்ட விளையாட்டுகளில் தம் அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்டதாகக் குற்றஞ்சாட்டி, அந்நூலாசிரியர் 2021இல் கேப்காம் நிறுவனத்தின்மீது அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார். குறுந்தகட்டை வாங்கியவர் வணிக நோக்கில் பயன்படுத்தத் தனி உரிமம் பெற வேண்டும் என்பது அவருடைய வாதம். இதில் நாம் கவனிக்க வேண்டியது சான்றாக வைக்கப்பட்ட ஒரு சிறு விவரம்: நிறுவனத்தின் கணினிகளிலிருந்து 2020இல் கசிந்த கோப்புகளில் ஒன்றின் பெயரும், குறுந்தகட்டிலிருந்த கோப்பின் பெயரும் ஒன்றாக இருந்தன என்று மனுவில் கூறப்பட்டது. 2022இல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டதால் நீதிமன்றத்தின் முடிவு என்று ஒன்று இல்லை. ஆனாலும் விளையாட்டு வெளியாகி 16 ஆண்டுகள் கழித்து வந்த வழக்கு அது என்பதை உங்கள் பொதுக் கோப்புறையைத் திறக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்ளுங்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத கோப்புகளை இனிவரும் எந்த வேலையிலும் சேர்க்காதீர்கள்.

கேள்வி: நான் ஃப்ரீலான்சராக ஒரு ஸ்டூடியோவுக்கு வேலை செய்தபோது, என் சொந்தக் கணக்கில் அசெட்டுகளை வாங்கி அவர்களுடைய விளையாட்டில் சேர்த்தேன். அவர்கள் பணத்தையும் திருப்பித் தந்துவிட்டார்கள். இப்போது பிரிந்துவிட்டோம். உரிமம் யாரிடம் இருக்கிறது?

பதில்: கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம், அதாவது உங்களிடம். ஸ்டூடியோ பணத்தைத் திருப்பித் தந்தது உங்கள் இருவருக்கும் இடையிலான கணக்கு. உரிமம் கொடுத்தவருக்கு அது தெரியவும் தெரியாது, அவரை அது கட்டுப்படுத்தவும் செய்யாது. ஸ்டூடியோ தன் பெயரில் வாங்கி, ஒப்பந்தக்காரரான உங்களுக்கு அந்த வேலைக்காக மட்டும் கொடுத்திருந்தால் பெரும்பாலான உரிமங்கள் அதை அனுமதித்திருக்கும்; இங்கே நடந்தது அதன் தலைகீழ். வெளியான விளையாட்டுக்குள் அசெட் உட்பொதிந்திருப்பதைச் சில உரிமங்கள் வாடிக்கையாளருக்குச் செய்துகொடுத்த வேலையாகக் கருதி ஏற்கக்கூடும். ஸ்டூடியோ அதே மூலக் கோப்புகளை அடுத்த விளையாட்டிலும் பயன்படுத்தத் தொடங்கினால் அதை நியாயப்படுத்த வழியே இல்லை.

உரிமம் யாருக்கு என்பதோடு எந்த அளவுக்கு என்பதும் கடைக்குக் கடை மாறுகிறது. விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியின் அசெட் ஸ்டோரில் படங்கள், மாடல்கள் ஆகியவற்றை ஒரு நிறுவனத்துக்கு ஒருமுறை வாங்கினால் போதும். அந்த மென்பொருளுக்குள் வேலையை எளிதாக்கும் எடிட்டர் கருவிகளாக விற்கப்படுபவற்றுக்கு அவற்றைப் பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் தனி உரிமம் வேண்டும். 2024 அக்டோபரில் எபிக் நிறுவனம் தொடங்கிய ஃபேப் சந்தையிலோ, வாங்குபவரின் கடந்த 12 மாத வருவாய் 1,00,000 டாலரைத் தாண்டியிருந்தால் அவர் புரொஃபெஷனல் என்ற உயர்விலை உரிமத்தையே வாங்க வேண்டும். வருவாய் குறைந்த ஃப்ரீலான்சர் ஒருவர் தம் பெயரில் குறைந்த விலைக்கு வாங்கிப் பெரிய ஸ்டூடியோவிடம் கொடுத்தால், பெயர்த் தவறோடு விலைத் தவறும் சேர்ந்துகொள்ளும். அசெட்டுகளின் பட்டியலை அனுப்பி, அவற்றைத் தங்கள் பெயரில் மறுபடி வாங்கிக்கொள்ளுமாறு ஸ்டூடியோவுக்கு எழுதிவிடுங்கள். எழுதியதன் நகல் உங்களிடம் இருக்கட்டும்.

கேள்வி: சில நிபந்தனைகளோடு யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் பொது உரிமத்தில் வெளியிடப்பட்ட படங்களையும் இசையையும் பயன்படுத்தினோம். பெயர் போட மறந்துவிட்டோம் என்று ஓவியர் ஒருவர் எழுதியிருக்கிறார். இலவசம் என்று போட்டுவிட்டு இப்போது கேட்பது சரியா?

பதில்: சரிதான். இலவசமாகக் கிடைத்ததற்கு அவர் கேட்ட ஒரே விலை பெயர்தான், அதை நீங்கள் கொடுக்கவில்லை. உங்கள் நல்ல காலம், படம் 4.0 பதிப்பு உரிமத்தில் இருந்தால் தப்பிக்க வழி இருக்கிறது: மீறலை நீங்கள் அறிந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் சரிசெய்துவிட்டால், இழந்த உரிமை தானாகவே திரும்பிவிடும். முந்தைய 3.0 பதிப்பில் அந்த வசதி இல்லை, ஓவியரிடம் புதிதாக அனுமதி பெற வேண்டும். பெயருடன், உரிமத்தின் பெயர், அதன் இணைப்பு, நீங்கள் படத்தை மாற்றியிருந்தால் மாற்றியதற்கான குறிப்பு ஆகியவையும் வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நீங்கள் கடிதத்துடன் அனுப்பிய பட்டியலில் கிரியேட்டிவ் காமன்ஸின் பை-எஸ்ஏ என்ற உரிமமும் தென்படுகிறது. அதன்படி நீங்கள் மாற்றியமைத்த படைப்பை அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். மாற்றிய ஸ்பிரைட்டை (திரையில் தோன்றும் தனி உருவப் படத்தை) மட்டும் வெளியிட்டால் போதுமா, முழு விளையாட்டுக்கும் அது பரவுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஓடும் காட்சிக்குப் பொருத்தி ஒத்திசைக்கப்பட்ட இசையை உரிமத்தின் வாசகமே மாற்றியமைத்தலாகக் கொள்வதால், இசையில் சிக்கல் கூடுதல். பெற்றவரின் உரிமைகளைத் தடுக்கும் தொழில்நுட்பப் பூட்டுகளையும் இந்த உரிமங்கள் ஏற்பதில்லை. இலவச அசெட்டுகளைப் பகிரும் ஓப்பன்கேம்ஆர்ட் தளம் ஓஜிஏ-பை என்ற தனி உரிமத்தை உருவாக்கியதே அந்தப் பூட்டுத் தடையை நீக்கத்தான். வணிகப் பயன்பாடு கூடாது என்று பொருள்படும் என்சி என்ற எழுத்துகள் உள்ள எதையும் விற்பனைக்கான விளையாட்டில் தொடாதீர்கள். படைப்பாளி எல்லா உரிமைகளையும் விட்டுக்கொடுக்கும் சிசி0 என்றால் இந்தத் தலைவலிகள் எதுவும் இல்லை, பதிவேற்றியவர் உண்மையான படைப்பாளியாக இருக்கும்பட்சத்தில்.

கேள்வி: என் விளையாட்டின் மூல நிரலை, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் பொதுவில் வைத்தேன். அதில் வாங்கிய அசெட்டுகளும் இருந்தன. விற்பனையாளர் எச்சரித்ததும் அழித்துவிட்டேன். பிரச்சினை முடிந்ததா?

பதில்: முடியவில்லை. கடைசி கமிட்டில் (சேமித்த மாற்றத்தில்) அழித்தாலும் பழைய கமிட்டுகளில் கோப்பு அப்படியே இருக்கும். வரலாற்றையே திருத்தி எழுத வேண்டும், அல்லது களஞ்சியத்தை நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். பிறர் எடுத்துவைத்திருக்கும் ஃபோர்க்குகளையும் (களஞ்சியத்தின் நகல்களையும்) பாருங்கள். யாரும் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்னும் எம்ஐடி உரிமத்தை உங்கள் நிரலுக்குப் போட்டிருந்தால், உங்களுக்குச் சொந்தமில்லாத மாடல்களையும் அதே உரிமத்தில் உலகுக்கு வழங்கியதுபோல் தோற்றம் தந்திருக்கிறீர்கள். விற்பனையாளரின் பதற்றம் அதனால்தான்.

கேள்வி: கையால் வரைந்தவை என்று நினைத்து வாங்கிய பின்னணிப் படங்கள் செயற்கை நுண்ணறிவில் உருவானவை என்று பிறகு தெரியவந்தது. பயன்படுத்தலாமா?

பதில்: உரிமம் அனுமதித்தால் பயன்படுத்தலாம், ஆனால் இரண்டு விளைவுகளை அறிந்துகொண்டு செய்யுங்கள். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் 2024 ஜனவரி முதல், விளையாட்டின் உள்ளடக்கத்தில் செயற்கை நுண்ணறிவு பயன்பட்டிருப்பதை உருவாக்குநர் அறிவிக்க வேண்டும் என்று கேட்கிறது. படத்தைச் செய்தது நீங்கள் இல்லை என்றாலும் அறிவிக்க வேண்டியவர் நீங்கள்தான். அடுத்து, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023 பிப்ரவரியில் ஒரு சித்திரக்கதைக்கு அளித்த முடிவில், கதைக்கும் அமைப்புக்கும் பாதுகாப்பு உண்டு, மிட்ஜர்னி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி உருவாக்கிய தனித்தனிப் படங்களுக்கு இல்லை என்றது. அத்தகைய பின்னணியை வேறொருவர் உங்கள் விளையாட்டிலிருந்து எடுத்துப் பயன்படுத்தினால், தடுக்க உங்களிடம் வலுவான ஆயுதம் இருக்காது. விற்பனைப் பக்கத்தில் கையால் வரைந்தது என்று எழுதியிருந்தால் அது பொய் விவரிப்பு. பணத்தைத் திரும்பக் கேட்க அதுவே போதும்.

கேள்வி: வாங்கியபோது இருந்த நிபந்தனைகள் இப்போது கடையின் பக்கத்தில் இல்லை. எது செல்லும்?

பதில்: பொதுவாக வாங்கிய நாளில் இருந்ததுதான், ஆனால் பின்னாளில் திருத்தலாம் என்ற பிரிவை நீங்கள் அன்றே ஏற்றிருந்தால் வாதம் நீளும். 2023 செப்டம்பரில் யூனிட்டி, விளையாட்டு நிறுவப்படும் எண்ணிக்கைக்கேற்பக் கட்டணம் என்று அறிவித்தபோது, பழைய நிபந்தனைகளைப் பதிவுசெய்து வந்த பொதுக் களஞ்சியம் முன்பே நீக்கப்பட்டிருந்ததும் பெரும் சர்ச்சையானது. அந்தக் கட்டணத் திட்டம் ஓராண்டு கழித்துக் கைவிடப்பட்டது. வாங்கும் நாளிலேயே உரிமப் பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கி ரசீதுடன் சேர்த்துவையுங்கள். இப்போது உங்கள் கையில் எதுவும் இல்லாவிட்டால், இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் அந்த முகவரியின் பழைய நகலைத் தேடிப் பாருங்கள்.

கேள்வி: கணினியில் பயன்படுத்த வாங்கிய எழுத்துருவை விளையாட்டிலும் சேர்த்ததற்கு எழுத்துரு நிறுவனம் கூடுதல் பணம் கேட்கிறது. நியாயமா?

பதில்: பெரும்பாலும் நியாயமே. டெஸ்க்டாப் உரிமம் என்பது ஆவணம், படம் ஆகியவற்றை உருவாக்கத்தான். எழுத்துருக் கோப்பையே விளையாட்டோடு விநியோகிக்கச் செயலி உரிமம் என்று தனியாக விற்கிறார்கள். எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் வரும் எழுத்துருக்களை விற்பனை மென்பொருளோடு தாராளமாகச் சேர்க்கலாம், உரிம வாசகத்தையும் உடன் வைத்து, எழுத்துருவைத் தனியாக விற்காமல் இருந்தால் போதும். அதில் விடுபட்ட எழுத்தை நீங்களே வரைந்து சேர்த்தால், பெயர் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வேறு பெயர் சூட்டுங்கள். இப்போது கடிதம் வந்துவிட்ட நிலையில் செயலி உரிமத்தின் விலையைக் கேட்டு எழுதுங்கள். கட்டுப்படியாகாவிட்டால் அடுத்த அப்டேட்டில் எழுத்துருவை மாற்றிவிட்டு, இதுவரை விற்ற பிரதிகளுக்கான தொகையை மட்டும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.