நூறு வரை சொல்லும் பிள்ளை ஏழில் தடுமாறுவது ஏன்? முன்பள்ளிக் கணக்கு: கேள்வி-பதில்

கேள்வி: நாலரை வயதுப் பிள்ளை நூறு வரை கடகடவென்று ஒப்புவிக்கிறான். ஏழு புளியங்கொட்டையை எண்ணச் சொன்னால் ஒருதரம் ஒன்பது என்கிறான், மறுதரம் ஆறு என்கிறான். என்ன காரணம்? (ஆசிரியை, சாவகச்சேரி)

நூறு வரை சொல்வது பாட்டு மாதிரி, வாய்க்குப் பழகிவிட்டது. பொருளை எண்ணும்போது மூன்று வேலைகள் சேர்ந்து நடக்க வேண்டும்: ஒரு கொட்டைக்கு ஒரே ஒரு சொல், சொற்களின் ஒழுங்கு மாறாமை, கடைசியாகச் சொன்ன சொல்தான் மொத்தம் என்ற விளக்கம். எது பிசகுகிறது என்பது பிள்ளையின் விரலைப் பார்த்தால் தெரியும். வாய் விரலை முந்தினால் ஒன்பது வரும். குவியலில் ஒரு கொட்டையைத் தொடாமல் விட்டால் ஆறு வரும்.

இரண்டு பேணி மூடிகள் எடுங்கள். இடது மூடியில் மூன்று கொட்டைகள் மட்டும் போடுங்கள். ஒரு கொட்டையை வலது மூடிக்கு மாற்றிய பிறகுதான் "ஒண்டு" என்று சொல்ல வேண்டும். எண்ணியதும் எண்ணாததும் கண்ணுக்கு முன்னால் பிரிந்து கிடப்பதால் இரட்டிப்பு நின்றுவிடும். மூன்று தடுமாறாமல் வந்தால் நாலு, பிறகு அஞ்சு.

அடுத்து "எல்லாமா எத்தினை?" என்று கேளுங்கள். பிள்ளை திரும்பவும் ஒண்டிலிருந்து தொடங்கினால் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. "இப்பதானே எண்ணினாய்" என்று அதட்ட வேண்டாம். நீங்களே எண்ணி, கொட்டைகளைச் சுற்றிக் கையால் ஒரு வட்டம் காட்டி, "ஒண்டு, ரெண்டு, மூண்டு. மூண்டு கொட்டை" என்று முடியுங்கள். சரியான பரீட்சை "நாலு கொட்டை எடுத்துத் தா" என்பதுதான். கைநிறைய அள்ளித் தந்தால் நாலு இன்னும் வரவில்லை. ஒன்றிலிருந்து இரண்டுக்கும் இரண்டிலிருந்து மூன்றுக்கும் ஏறப் பல பிள்ளைகளுக்கு மாதக்கணக்கு எடுக்கும். அது மந்தம் இல்லை.

கேள்வி: விளையாட்டுச் சாமான் வாங்கக் காசில்லை. இருபத்தெட்டுப் பிள்ளைகள். எதிலிருந்து தொடங்குவது? (பருத்தித்துறை)

கொக்கான் வெட்டும் ஐந்து கற்களும் ஒரு சிரட்டையும் போதும். மேலே எறிந்து பிடிப்பது நாலு வயதுக்குக் கடினம், அதை விட்டுவிடுங்கள். ஐந்து கற்களையும் பிள்ளையோடு சேர்ந்து எண்ணுங்கள். கண்ணை மூடச் சொல்லிச் சிலவற்றைச் சிரட்டையால் மூடுங்கள். வெளியே மூன்று கிடக்கிறது, உள்ளே எத்தனை? பிள்ளை சொன்ன பிறகு, சிரட்டையை அவள் கையாலேயே தூக்க விடுங்கள். சரியா பிழையா என்பதைக் கல்லே சொல்லிவிடும். ஐந்து என்பது மூன்றும் இரண்டும், நாலும் ஒன்றும் என்று இங்கேதான் ஊறுகிறது. தரம் ஒன்றில் கூட்டல் எளிதாவதும் இதனால்தான். பத்துக் கற்களோடு தொடங்குவது பிழை. ஊகம் குருட்டடியாகிவிடும்.

இன்னொன்று, எண்ணுவதற்குக் குன்றிமணியும் மஞ்சள் அலரி விதையும் ஒருபோதும் கொடுக்க வேண்டாம். அழகாக இருக்கும், வேலியோரம் இலவசமாகக் கிடைக்கும், ஆனால் இரண்டும் கடும் நஞ்சு. மூன்று வயதுக்குட்பட்ட தம்பி தங்கை கூட வந்தால் புளியங்கொட்டையையும் எடுத்து வைத்துவிடுங்கள். மூக்கிலும் காதிலும் போகும், தொண்டையில் அடைக்கும்.

கேள்வி: தாயம் போல ஒரு கட்ட விளையாட்டு இந்த வயதுக்கு ஏற்றதா? (வேலணை)

மிகவும் ஏற்றது, கட்டம் நேர்கோட்டில் இருந்தால். கீதா ரமணி, றொபேட் சீக்ளர் என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், 1 முதல் 10 வரை வரிசையாக எழுதிய அட்டையில் இரண்டு வாரத்துக்குள் நாலு தரம், தரத்துக்குக் கால் மணித்தியாலம் அளவில் விளையாடிய முன்பள்ளிப் பிள்ளைகளிடம் எண்ணறிவு தெளிவாகக் கூடியது. எண் இல்லாமல் நிறம் மட்டும் போட்ட அட்டையில் அந்தப் பலன் வரவில்லை.

பிறிஸ்டல் போட்டில் 6 சென்ரிமீற்றர் அகலக் கட்டங்கள் பத்து, இடமிருந்து வலமாக. முதல் கட்டத்துக்கு வெளியே தொடக்க இடம். காயாகச் சோடா மூடி. தாயக்கட்டைக்குப் பதில் ஒரே ஒரு சோகி (சோழி): வாய் மேலே விழுந்தால் 1, கவிழ்ந்தால் 2. ஒரு அட்டைக்கு இரண்டு அல்லது மூன்று பேர், அதற்கு மேல் போனால் முறை வருமுன் பிள்ளை எழும்பிவிடும்.

பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. காய் 3இல் நிற்கிறது, சோகி 2 காட்டுகிறது. பிள்ளை "ஒண்டு, ரெண்டு" என்று நகர்த்தினால் விளையாட்டு நடக்கும், படிப்பு நடக்காது. "நாலு, அஞ்சு" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லித்தான் நகர்த்த வேண்டும். முதல் சில நாள் நீங்கள் பக்கத்தில் இருந்து சேர்ந்து சொல்லுங்கள்.

கேள்வி: "இருபத்தொன்பது, இருபத்துப்பத்து" என்கிறாள். திருத்துவதா? (நல்லூர்)

திருத்தலாம், ஆனால் முதலில் சந்தோசப்படுங்கள். இருபதோடு ஒவ்வொன்றாகச் சேர்கிறது என்ற விதியை அவளே கண்டுபிடித்திருக்கிறாள். தமிழ் எண்களில் ஒன்பது வரும் இடத்தில் எப்போதும் ஒரு சிக்கல் இருக்கிறது: "ஒன்பது" என்ற சொல்லின் வாலில் பத்தின் ஓசை, "தொண்ணூறு" என்பதன் வாலில் நூறு. எண்பதுக்குப் பிறகு பிள்ளை திணறுவது அதனால்தான். கழுவிக் காயவைத்த ஐஸ்பழக் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டுங்கள். இரண்டு கட்டும் ஒன்பது தனிக் குச்சியும் வைத்து, இன்னும் ஒன்று கொடுத்து, அவளையே கட்டச் சொல்லுங்கள். மூன்றாவது கட்டு கையில் வரும்போது "முப்பது" என்று சொல்லுங்கள். ஈர்க்கு வேண்டாம், கண்ணில் குத்தும்.

கேள்வி: பெற்றோர் கொப்பியில் 1 முதல் 50 வரை எழுதக் கேட்கிறார்கள். பிள்ளை 3ஐயும் 7ஐயும் திருப்பி எழுதுகிறது. (சுன்னாகம்)

திருப்பி எழுதுவது ஆறேழு வயது வரை சாதாரணம். தட்டில் ஈர மணல் பரப்பி விரலால் பெரிதாக எழுதட்டும். எங்கே தொடங்குவது என்பதற்கு ஒரு சிறு கல்லை அடையாளமாக வையுங்கள், தொடக்க இடம் மாறினாலும் எண் திரும்பிவிடலாம். பெற்றோருக்கு வீட்டு வேலையாக இதைக் கொடுங்கள்: இரவுச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று பிள்ளை எண்ணி, அத்தனை கோப்பைகளைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். அம்மம்மா வந்திருந்தால் இன்னும் எத்தனை வேண்டும் என்று அவரே கேட்கட்டும்.

கேள்வி: அகலக் கிளாசில் இருந்த தண்ணீரை ஒடுங்கிய கிளாசுக்கு மாற்றினால், இப்போது தண்ணீர் கூட என்று பிள்ளை பிடிவாதமாகச் சொல்கிறது. (காரைநகர்)

இந்த வயதில் அப்படித்தான் சொல்லும், உயரத்தை மட்டும் பார்க்கிறது. வாதிட வேண்டாம். பழைய கிளாசுக்கே திரும்ப ஊற்றிப் பார்க்க விடுங்கள், நாளைக்கும் ஊற்றட்டும்.