கிளிப்பை எடுத்ததும் இன்ஜின் சோர்ந்துபோவது ஏன்?

கேள்வி: என் பயிற்சி மாதிரி விமானத்தில் 6.5 சி.சி. டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் பொருத்தியிருக்கிறேன். நைட்ரோமீத்தேன் சேர்க்காமல், மெத்தனாலும் விளக்கெண்ணெயும் மட்டும் கலந்த எரிபொருளையே ஊற்றுகிறேன். ஸ்டார்ட் ஆவதில் குறையில்லை. ஸ்டார்ட் செய்வதற்காகப் பிளக்கில் மாட்டும் பேட்டரி கிளிப்பைக் கழற்றியதும் வேகம் இறங்கி, சில நேரம் நின்றும்விடுகிறது. நீண்ட நாள் உழைக்கும் என்று கடையில் கொடுத்த ‘கோல்டு’ வகை க்ளோ பிளக்தான் (கனலும் சுருளால் எரிபொருளைப் பற்றவைக்கும் பிளக்) இப்போது இருக்கிறது. எந்த வகை வாங்கலாம்?

பதில்: ‘ஹாட்’ வகை க்ளோ பிளக்கைத்தான் நான் சொல்வேன், ஆனால் அதை வாங்கப் புறப்படும் முன், எரிபொருளின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகான நீடில் வால்வைச் சோதித்துவிடுங்கள், ஏனெனில் எரிபொருள் அளவுக்கு மேல் சென்றாலும் கிளிப்பை எடுத்தவுடன் இப்படித்தான் வேகம் இறங்கும். இன்ஜின் நன்கு சூடேறிய பின், விமானத்தை ஒருவர் பிடித்துக்கொள்ள, த்ராட்டிலை முழுவதும் திறந்து, புரொப்பல்லருக்குப் பின்புறம் நின்றபடி எரிபொருள் குழாயை ஒரு நொடி நசுக்கி விடுங்கள். சத்தம் சற்றே உயர்ந்து திரும்பினால் கலவை சரி. வெகுவாக உயர்ந்தால் எரிபொருள்தான் அதிகம், பிளக்கின் மேல் பழி போடுவதற்கில்லை.

ஒன்றரை வோல்ட் கொடுத்துச் சிவக்கவைத்த பிளாட்டினச் சுருள், கிளிப்பை எடுத்த பிறகு எரிதலின் வெப்பத்தாலும், தன் பரப்பில் மெத்தனால் ஆவி வினைபுரிவதால் எழும் வெப்பத்தாலும் தானே கனன்றுகொண்டிருக்க வேண்டும். அமெரிக்காவில் 1947-இல் ரே ஆர்டன் இந்தப் பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்த பின், தீப்பொறி உண்டாக்கத் தேவைப்பட்ட காயில், கண்டன்சர், பேட்டரி ஆகியவற்றைச் சுமந்து பறக்கும் தேவை விமானங்களுக்கு இல்லாமல் போயிற்று. கூடவே, தீப்பொறியின் நேரத்தை முன்பின்னாக நகர்த்தும் வசதியும் போயிற்று. அந்த வேலையை இன்று பிளக்கின் வெப்ப அளவும் எரிபொருளும் பகிர்ந்துகொள்கின்றன. ஹாட் பிளக் கலவையை முன்கூட்டியே பற்றவைக்கும், கோல்டு பிளக் தாமதப்படுத்தும். நைட்ரோமீத்தேனும் பற்றவைப்பை முன்னே இழுக்கும் என்பதால், அது 20, 30 சதவீதம் சேர்ந்த எரிபொருளுக்கே கோல்டு பிளக் பொருந்தும். உங்கள் எரிபொருளில் அது ஆறிப்போகிறது. நீண்ட நாள் உழைக்கும் என்று கடைக்காரர் சொன்னது பொய்யில்லைதான், ஆனால் ஓடாத இன்ஜினில் பிளக் தேயாமல் இருந்து என்ன லாபம்?

பழைய பிளக்கை லென்ஸில் பாருங்கள். சுருள் பளபளத்தால் அதில் இன்னும் உயிர் இருக்கிறது. சாம்பல் பூத்துச் சொரசொரத்திருந்தால், பேட்டரியில் செக்கச்செவேலென்று எரிந்தாலும் ஓட்டத்தில் கைவிட்டுவிடும். புதிய ஹாட் பிளக்கில் கடுகு பொரிவது போன்ற சத்தம் கேட்டாலோ, சுருள் நெளிந்து போனாலோ, முதலில் நீடிலை அரைச் சுற்றுக்கும் குறைவாகத் திறந்து பாருங்கள். அப்போதும் சத்தம் அடங்காவிட்டால் ‘மீடியம்’ வகைக்கு இறங்குங்கள்.

வாங்கும்போது சாதாரண மரையுள்ள, செம்பு வாஷருடன் வரும் பிளக்கையே கேளுங்கள். கூம்பு அடிப்பகுதி கொண்ட ‘டர்போ’ பிளக் உங்கள் இன்ஜினின் ஹெட்டில் பொருந்தாது. ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ‘டைப் எஃப்’ பிளக்கும் ஹாட் வகைதான். அதில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே எரிதல் நிகழ்வதால், சுருள் இடையில் ஆறாமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள்.