கடனைப் பற்றிக் கேட்கும்போது அடையாளத்தை மறைக்கலாமா?

கடன் தொல்லைக்கு இணையத்தில் யோசனை கேட்பவர் தன் அடையாளத்தை மறைத்துக்கொள்வது சரிதானா, மறைப்பதென்றால் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். தவணை தவறியிருக்கும், போன் அடித்தாலே நெஞ்சு திக்கென்றிருக்கும், தெரிந்தவர்களிடம் வாய் திறக்க முடியாமல் இருக்கும். அந்த நிலையில்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். தாராளமாக மறைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி தொழிலுக்காக வாங்கிய கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தேன். தொழில் படுத்தது, தவணை நின்றது, கடன் கொடுத்தவர்கள் என்னைத் தேடி வந்தார்கள். அடுத்து என்ன செய்வதென்று, அதற்காகவே தொடங்கிய ஒரு மின்னஞ்சல் முகவரியை வைத்து, ஓர் இணையத் தளத்தில் சொந்தப் பெயர் இல்லாமல் கேட்டேன். "யோக்கியமானவர் என்றால் சொந்தப் பெயரில் கேட்க வேண்டியதுதானே" என்று ஒருவர் எழுதினார். இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது. என் பெயரைப் போட்டால் தம்பியின் பெயரும் சேர்ந்தல்லவா வெளியே வரும்? அவன் வேலை கேட்டுப் போகிற இடத்தில், அவன் பிள்ளைகளின் நண்பர்கள் வீட்டில் எல்லாம் அது பேச்சாகும். அவன் சம்மதம் இல்லாமல் அதைச் செய்ய எனக்கு என்ன உரிமை இருக்கிறது? ஒருவரின் கடன் கதையில் எப்போதும் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள்.

ஆனால் பெயரை மட்டும் எடுத்துவிட்டால் போதாது. 2006-ல் ஏ.ஓ.எல். என்ற அமெரிக்க இணைய நிறுவனம் சுமார் ஆறரை லட்சம் பயனர்களின் தேடல் பதிவுகளை, பெயருக்குப் பதில் எண் போட்டு வெளியிட்டது. அதில் ஓர் எண்ணுக்குரிய தேடல்களைத் தொடர்ந்து படித்தே நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த பெண்ணின் வீடுவரை போய்விட்டார்கள். நாம் எழுதும் விவரங்களே நம்மைக் காட்டிக்கொடுக்கும். என்ன வேலை, எத்தனை பிள்ளைகள், எந்த மாதம் கடை மூடியது என்று மூன்றையும் ஒரே இடத்தில் எழுதினால் சொந்தக்காரர் ஒருவருக்கு அது போதும்.

அதனால் நான் தொகைகளை விகிதமாக மாற்றினேன். மாத வருமானத்தை 100 என்று வைத்துக்கொண்டு, வீட்டுச் செலவு, என் சொந்தத் தவணை, தம்பி கடனின் தவணை, மொத்த பாக்கி எல்லாவற்றையும் அதே அளவில் சொன்னேன். கணக்குப் போடுகிறவருக்கு இதனால் எந்தக் குறையும் இல்லை. வட்டி விகிதம், எத்தனை தவணை தவறியது, அடமானம் உண்டா, கடனில் நான் யார் (வாங்கியவரா, ஜாமீன்தாரரா), எந்த நாட்டுச் சட்டம் என்பதையெல்லாம் மாற்றவே கூடாது. இவற்றில் பொய் சொன்னால் வரும் யோசனையும் தப்பாகத்தான் இருக்கும். வேலை, ஊர், குடும்ப விவரம் ஆகியவற்றைச் சொல்லாமலே விட்டேன். இது ஏமாற்று வேலை என்று யாராவது சொல்லக்கூடும். பதில் சொல்பவருக்குத் தேவையானது எதையும் நான் மறைக்கவில்லை.

கடன் கொடுத்தவர்கள் அனுப்பிய நோட்டீஸைப் படம் எடுத்துப் போடச் சொன்னார்கள். போடவில்லை. கணக்கு எண்ணை அடித்து மறைத்தாலும் ஓரத்தில் இருக்கும் பார்கோடு அப்படியே நிற்கும். போனில் உள்ள மார்க்கரால் கறுப்படித்தால் சில சமயம் வெளிச்சத்தைக் கூட்டியே அடியில் இருப்பதைப் படித்துவிடலாம். கூகுள் பிக்சல் போன்களில் கத்தரித்த ஸ்கிரீன்ஷாட்டுகளிலிருந்து வெட்டிய பகுதியை ஓரளவு மீட்க முடிந்தது என்பது 2023-ல் வெளியே வந்தது. தேவையான வரிகளை மட்டும் தட்டச்சு செய்து போட்டேன், அதற்கே நல்ல பதில்கள் வந்தன.

தனிச் செய்தியில் வந்தவர்கள் வேறு ரகம். "குறைந்த வட்டிக்கு உடனே கடன், முதலில் ஒரு சிறு கட்டணம், அடையாள அட்டை நகல் அனுப்புங்கள்" என்றார்கள். கடனுக்கு முன்னாலேயே கட்டணம் கேட்பது பழைய மோசடி, பதிலே போடாதீர்கள். உதவ நினைக்கிறவர் எல்லோரும் பார்க்கிற இடத்திலேயே சொல்லலாம்.

இன்னொன்று, இந்த மறைப்பு வாசகர்களிடமிருந்து மட்டும்தான். தளத்தை நடத்துகிறவரிடம் உங்கள் இணைய இணைப்பைக் காட்டும் எண்ணான ஐ.பி. முகவரி இருக்கக்கூடும், நீங்கள் அழித்த பதிவின் நகல் எங்காவது தங்கியிருக்கும். "சொத்தை வேறு பேருக்கு மாற்றலாமா" போன்றதை விளையாட்டாகக்கூட எழுத வேண்டாம். கடன் கொடுத்தவரிடமும் மறையாதீர்கள், தொடர்பை விட்டால் பேச்சுவார்த்தைக்கு இடமே போய்விடும். கூட வாழ்கிறவருக்கும் உண்மை தெரிந்திருக்கட்டும். என் வீட்டில் எல்லாம் தெரியும், அந்தத் தெம்பில்தான் வெளியே பேசாமல் இருக்க முடிந்தது.

கேட்ட கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்கிறேன். ஜாமீன் போட்ட அன்று அந்தக் கடன் நிறுவனத்தில் "இது வெறும் சாட்சிக் கையெழுத்து மாதிரி" என்றுதான் சொன்னார்கள். கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் முழுப் பாக்கியையும் ஜாமீன்தாரரிடம் கேட்கலாம் என்பதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. நகல் கேட்டதற்கு அப்புறம் வாருங்கள் என்றார்கள், அப்புறம் போனால் அந்த அதிகாரி மாறிப்போயிருந்தார். கையெழுத்து வாங்குகிறவர்களுக்கு இருக்கும் அவசரம் காகிதம் கொடுக்கும்போது ஏன் இருப்பதில்லை?

நீங்களும் ஜாமீன்தாரராக இருந்தால், எதையும் கேட்பதற்கு முன் அந்த ஒப்பந்த நகலையும் இன்றைய பாக்கிக் கணக்கையும் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். பொறுப்புக்கு உச்சவரம்பு இருக்கிறதா, கட்டிய பணத்தைக் கடன் வாங்கியவரிடம் திரும்பக் கேட்க வழி உண்டா என்று கேட்க வேண்டியவை அதைப் படித்தால்தான் தெரியும்.